வால்வு பிரீஅம்ப் கொண்ட பேஸ் அம்பிளிபயர்: யாழ்ப்பாணத்து வாசிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இசைக்குழுக்களிலும் தேவாலயப் பாடகர் குழாங்களிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் பேஸ் கிற்றார் வாசிப்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. இத்தகைய அம்பிளிபயர்களுடன் வரும் கையேடுகள் சீரான மின்சாரமும் நல்ல புவி இணைப்பும் எங்கும் உண்டு என்று வைத்துக்கொண்டே எழுதப்படுபவை. எமது ஊரின் மின்சாரம், மண்டபம், மேடை, காலநிலை ஆகியவற்றை மனதில் வைத்தே கீழேயுள்ள பதில்கள் தரப்படுகின்றன.

இந்த வகை அம்பிளிபயரில் வால்வு என்ன வேலையைச் செய்கிறது?

கிற்றாரின் பிக்கப்பிலிருந்து வரும் சைகை மிகவும் சிறியது. அதை முதலில் உயர்த்தி, அதன் தொனியை வடிவமைத்துக் கொடுப்பது பிரீஅம்ப் பகுதியின் வேலை. அவ்வாறு உயர்த்தப்பட்ட சைகைக்கு ஸ்பீக்கரை அசைக்கும் வலுவைக் கொடுப்பது பவர் பகுதியின் வேலை. இங்கே பேசப்படும் அம்பிளிபயரில் முதற்பகுதியில் மட்டும் ஒன்றோ சிலவோ சிறிய கண்ணாடி வால்வுகள் இருக்கும். பவர் பகுதி முழுவதும் திரான்சிற்றர்களால் ஆனது. பெரும்பாலும் காணப்படும் வால்வு 12ஏஎக்ஸ்7. ஐரோப்பாவில் அதன் பெயர் ஈசிசி83. ஒரே கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு விரியலாக்கும் பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றின் பெருக்கக் காரணியும் 100.

பவர் பகுதியும் வால்வாலேயே ஆன அம்பிளிபயர்களும் உண்டு. 1969 இல் வெளிவந்த அம்பெக் எஸ்விரி 300 வாற் வலுவுடையது. அதன் தலைப்பகுதி மட்டுமே ஏறத்தாழ 40 கிலோ எடை. அத்தகையதை ஓட்டோவில் ஏற்றி நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி கொண்டுசெல்வது இயலாத காரியம். வால்வு பிரீஅம்பும், திரான்சிற்றர்களை மிக விரைவாகத் திறந்து மூடி இயக்கும் டி வகுப்புப் பவர் பகுதியும் சேர்ந்த இன்றைய தலைப்பகுதிகள் சில கிலோ எடைக்குள் அடங்கிவிடுகின்றன. எமது தேவைக்கு இந்த இரண்டாவது வகையே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து.

திரான்சிற்றர் பிரீஅம்பை விட இதில் உண்மையாகவே பயன் உண்டா, அல்லது வெறும் பெயரா?

பயன் உண்டு, ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். நான்கு தந்திப் பேஸின் மிகத் தாழ்ந்த ஈ தந்தி 41 ஹேர்ட்ஸ் மீடிறனில் அதிர்கிறது; ஏ தந்தி 55, டி தந்தி 73, ஜி தந்தி 98 ஹேர்ட்ஸ். எமது மேடைகளில் வைக்கப்படும் சிறிய ஸ்பீக்கர் பெட்டிகளில் பல, 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே விரைவாகத் தளர்ந்துவிடுகின்றன. திருவிழாக்களில் மரத்திலும் கம்பத்திலும் கட்டப்படும் குழாய் ஒலிபெருக்கியோ ஏறத்தாழ 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே மிகக் குறைவாகவே ஒலிக்கும். அப்படியானால் 41 ஹேர்ட்ஸ் சுரம் வீதியில் நிற்பவருக்கு எப்படிக் கேட்கிறது? அந்தச் சுரத்தின் மடங்குகளாகிய 82, 123, 164 ஹேர்ட்ஸ் என்று மேலே செல்லும் மேற்றொனிகள் காதை அடைந்தால், அடிப்படை மீடிறன் வந்து சேராதபோதும் மூளை அந்தத் தாழ்ந்த சுரத்தையே உணர்கிறது.

வால்வு செய்யும் உதவி இதுதான். சைகை அதன் எல்லையை நெருங்கும்போது வால்வு அலையின் உச்சியைத் திடீரென்று வெட்டிவிடாமல், ஒரு பக்கத்தை முன்னதாகவே மெல்ல வளைக்கிறது. அதனால் முதலில் இரண்டு மடங்கு மீடிறனுடைய மேற்றொனியும், இன்னும் அழுத்தினால் அதற்கு மேற்பட்டவையும் படிப்படியாகச் சேர்கின்றன. பெட்டி ஸ்பீக்கரில் தாழ்ந்த மேற்றொனிகளும், குழாய் ஒலிபெருக்கியில் உயர்ந்த மேற்றொனிகளும் பேஸின் வரியைத் தாங்கிச் செல்கின்றன. பேஸ் வரியின் சுரங்கள் இவ்வாறு தெளிந்து கேட்பதற்காகவே நான் வால்வை விரும்புகிறேன். வெறும் சத்தம் மட்டுமே தேவைப்படுபவர் இதற்கெனக் கூடுதல் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

கனடாவிலிருந்து உறவினர் ஒருவர் அம்பிளிபயர் அனுப்பியுள்ளார். நேராகச் செருகலாமா?

பின்பக்கத்தைப் படிக்காமல் செருகவே கூடாது. கனடாவில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். 120 வோல்ற்றுக்கு மட்டும் செய்யப்பட்ட கருவியை எமது சுவரில் செருகினால், நல்வாய்ப்பாக இருந்தால் பியூஸ் மட்டும் போகும். இல்லையேல் மின்வழங்கிப் பகுதி முழுவதும் எரிந்துவிடும்.

பின்பக்கத்தில் மூன்று வகையான குறிப்புகளில் ஒன்றைக் காண்பீர்கள். 100 முதல் 240 வோல்ற் வரை என்று அச்சிடப்பட்டிருந்தால் பிளக்கை மாற்றுவது மட்டுமே போதும். 115, 230 என்று இரு நிலைகளுடைய ஒரு சுவிச் இருந்தால், கருவி செருகப்படாத நிலையில் அதை 230 க்கு மாற்றி, 230 வோல்ற்றுக்கென அச்சிடப்பட்டுள்ள அளவிலான பியூஸையும் போட வேண்டும். வோல்ற்றளவு இரட்டிக்கும்போது மின்னோட்டம் பாதியாகக் குறைவதால் பழைய பியூஸ் அளவுக்கு மிஞ்சியதாக இருக்கும். அது கருவியைக் காப்பாற்றாது. பலர் சுவிச்சை மாற்றிவிட்டுப் பியூஸை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, 120 வோல்ற் மட்டும். இதற்கு 230 ஐ 120 ஆகக் குறைக்கும் மின்மாற்றி தேவை. அம்பிளிபயரின் பின்பக்கத்தில் உள்ள வாற் அளவைவிட அரைப்பங்காவது கூடிய வலுவுடையதை வாங்குங்கள். குறைந்த விலை மின்மாற்றிகள் சிலவற்றின் வெளியீட்டுத் துளைகள் இரண்டு மட்டுமே. புவி இணைப்பு அந்த இடத்திலேயே அறுந்துவிடுகிறது. மூன்றாவது துளை உள்ளதா என்பதையும், அது சுவரின் புவி வயருடன் உண்மையாகத் தொடர்புபட்டுள்ளதா என்பதையும் மீற்றர் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். வோல்ற்றளவைக் குறைக்கும் மின்மாற்றி மீடிறனை மாற்றுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் சிக்கனமாகச் சுற்றப்பட்ட பழைய இரும்பு மின்மாற்றி 50 ஹேர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான காந்தப்பாயத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் அதிகம் சூடாகும். பின்பக்கத்தில் 50/60 என்று இரண்டும் குறிக்கப்பட்டிருந்தால் அச்சம் தேவையில்லை. 60 மட்டும் இருந்தால் அந்த அம்பிளிபயரைப் பெற்றுக்கொள்ளாமல் விடுவதே நல்லது.

இலண்டனிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருபவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எங்கள் வீட்டில் இரண்டு துளைப் பழைய சொக்கற்தான் உள்ளது. புவி முள்ளை நீக்கிவிட்டுச் செருகலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பவர் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கிற்றாரின் தந்திகள் கேபிளின் வெளியுறை வழியாக அம்பிளிபயரின் உலோக உடலுடன் இணைந்துள்ளன. அந்த உடல் புவி வயருடன் இணைந்துள்ளது. உள்ளே ஏதேனும் ஒரு வயர் கழன்று உடலைத் தொட்டால், புவி வயர் இருக்கும்போது மின்னோட்டம் அதன் வழியே சென்று பியூஸ் போகும் அல்லது றிப் சுவிச் விழும். புவி வயர் இல்லாவிட்டால் 230 வோல்ற்றும் உங்கள் விரல்களுக்கு வந்து காத்திருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் ஒலிவாங்கியை உதட்டால் தொட்டால் மின்னோட்டம் கையிலிருந்து நெஞ்சைக் கடந்து செல்லும்.

எமது நாட்டில் வீடுகளின் புவி இணைப்பு பெரும்பாலும் வளவில் அறையப்பட்ட கோலையே நம்பியுள்ளது. குடாநாட்டில் பல இடங்களில் மண் படை மெல்லியது, கீழே சுண்ணாம்புக்கல். மண் நன்றாகக் காய்ந்திருக்கும் ஆடி, ஆவணி மாதங்களில் அந்தக் கோலின் தடை கூடிவிடும். திருவிழா மேடைகள் நிறைந்திருக்கும் காலமும் அதுவே. ஆகவே றிப் சுவிச் கட்டாயம் வேண்டும்; மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கவும் வேண்டும். மேடையில் உங்கள் அம்பிளிபயரும் மிக்சரும் ஒரே இடத்திலிருந்து மின் பெறுவது நல்லது. ஒலிவாங்கியைத் தொடும்போது உதட்டில் சிறிதளவு கூச்சம் தெரிந்தாலும், யார் அவசரப்படுத்தினாலும், வாசிப்பை நிறுத்திக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இணைப்பதற்கும் சுவிச் போடுவதற்கும் ஒழுங்கு உண்டா?

ஸ்பீக்கரை முதலில் இணையுங்கள், பிறகு கிற்றாரை; மாஸ்டர் குமிழைப் பூச்சியத்தில் வைத்துவிட்டுச் சுவிச்சைப் போடுங்கள். வால்வின் இழை சூடேற அரை நிமிடமளவு வேண்டும். அக்காலத்து வால்வு வானொலியைப் பார்த்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இந்தக் காத்திருப்பை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நிறுத்தும்போது மாஸ்டரைக் குறைத்து, சுவிச்சை நிறுத்தி, அதன் பின்னரே வயர்களைக் கழற்றுங்கள்.

கெயின், மாஸ்டர் என்று இரண்டு குமிழ்கள் உள்ளன. எதை எவ்வளவு வைப்பது?

வால்வுக்குள் எவ்வளவு சைகை செல்கிறது என்பதைக் கெயின் தீர்மானிக்கிறது; மண்டபத்துக்குள் எவ்வளவு செல்கிறது என்பதை மாஸ்டர் தீர்மானிக்கிறது. தொனி பிறப்பது முதலாவதில். ஆகவே அதை முதலில் சரிசெய்ய வேண்டும். ஆனால் பெரும்பாலான மேடைகளில் நான் காண்பது இதற்கு மாறானது. கெயின் மிகக் குறைவாகவும் மாஸ்டர் முழுவதுமாகவும் வைக்கப்பட்டு, வால்வு வெறுமனே எரிந்துகொண்டிருக்கும்.

மாஸ்டரைச் சிறிதளவு திறந்து வைத்துக்கொண்டு, நிகழ்ச்சியில் நீங்கள் வாசிக்கும் அதே வேகத்தோடும் அழுத்தத்தோடும் ஈ தந்தியை மீட்டியபடி கெயினை மெல்ல உயர்த்துங்கள். வீட்டில் மென்மையாக மீட்டிச் சரிபார்த்த அளவு மேடையில் செல்லாது. அங்கே கை தானாகவே கடினமாகிவிடும். பலமாக அடித்த சுரத்தின் தொடக்கம் மட்டும் சற்றே கரகரத்து, மென்மையான சுரங்கள் தெளிவாக ஒலிக்கும் இடம் ஒன்று வரும். உச்சநிலையைக் காட்டும் விளக்கு இருந்தால், அது மிகப் பலமான சுரங்களில் மட்டும் மின்னும். அங்கேயே நிறுத்திவிட்டு, எஞ்சிய சத்தத்தை மாஸ்டரால் பெறுங்கள். மெல்லிசைப் பாடல்களுக்கு அந்த இடத்திலிருந்து சற்றுக் கீழேயும், வேகமான பொப் பாடல்களுக்கும் பைலாவுக்கும் சற்று மேலேயும் வைக்கலாம். பின்னர் விரல்களே வேறுபாட்டை உண்டாக்கும்: மென்மையாக மீட்டினால் தெளிவு, அழுத்தினால் தடிப்பு. இந்த இணக்கத்தைக் கையால் உணர்ந்தவர் எளிதில் வேறு அம்பிளிபயருக்கு மாறமாட்டார்.

கிற்றாருக்குள் 9 வோல்ற் பற்றரி இருந்தால் அது ஆக்டிவ் வகை; அதன் சைகை பலமானது. அதற்கென உள்ள உள்ளீட்டையோ பொத்தானையோ பயன்படுத்தினால் சைகை 10 முதல் 15 டெசிபெல் வரை குறைக்கப்படும். பற்றரி தேய்ந்த கிற்றார் எழுப்பும் கரகரப்பை வால்வின் தொனி என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

தொனிக் குமிழ்களை எல்லாம் நடுவில் வைத்தால் சமநிலை கிடைக்குமா?

எல்லா அம்பிளிபயரிலும் கிடைக்காது. ஃபென்டரின் பழைய அம்பிளிபயர்களின் வழிவந்த தொனிச் சுற்றுள்ள வால்வு பிரீஅம்புகளில், மூன்று குமிழ்களும் நடுவில் இருக்கும்போது இடைமீடிறன்கள் ஏற்கெனவே பள்ளமாகியிருக்கும். அவற்றில் பேஸ், ட்ரெபிள் இரண்டையும் 2 இலும், மிட் குமிழை 10 இலும் வைப்பதே ஏறத்தாழச் சமநிலை. குமிழின் நடுவில் ஒரு சிறு தடுப்பு கைக்குத் தட்டுப்பட்டு, அங்கே பூச்சியம் என்று குறிக்கப்பட்டிருந்தால் அது வேறு வகை. அதில் நடுவே சமநிலை.

அங்கிருந்து தொடங்கி, தேவையற்றதைக் குறைப்பதையே முதலில் முயலுங்கள். 40 முதல் 80 ஹேர்ட்ஸ் வரை எடை. 200 முதல் 400 வரை தடிப்பு, மிஞ்சினால் குழப்பம். 700 முதல் 1000 வரை சுரம் இன்னதென்று காட்டும் தெளிவு. 2000 க்கு மேல் விரலும் பிரெட்டும் எழுப்பும் ஓசை. எமது இசைக்குழுக்களில் கீபோர்ட் வாசிப்பவரின் இடது கை, தபேலாவின் டக்கா, ட்ரம்ஸின் கிக் ஆகிய மூன்றும் தாழ்ந்த பகுதியில் ஏற்கெனவே இடம்பிடித்திருக்கும். பேஸ் கேட்கவில்லை என்று பேஸ் குமிழைத் திருகுவது அந்த நெருக்கத்தைக் கூட்டுமேயன்றி உங்களைக் கேட்கச் செய்யாது. 700 ஹேர்ட்ஸ் அளவில் சற்று உயர்த்தினால் உடனே கேட்கும். கீபோர்ட் வாசிப்பவரிடம் இடது கையைக் குறைக்குமாறு அன்போடு கேட்பது இன்னும் நல்ல பலன் தரும்.

வீரசிங்கம் மண்டபம் போன்ற பெரிய மண்டபத்தில் மாலையில் வெறும் கதிரைகளுக்கு முன் சரிபார்த்த தொனி, சனம் நிறைந்த பின் மாறிவிடும். மனித உடலும் உடையும் உயர்ந்த மீடிறன்களை உறிஞ்சும். தாழ்ந்தவற்றை அவ்வளவாக உறிஞ்சா. ஆகவே சரிபார்க்கும்போது ஒலி சற்றுக் கூர்மையாகத் தோன்றினால் அப்படியே விட்டுவிடலாம். பெட்டியை மண்டப மூலையில் வைத்தால் தாழ்ந்த சுரங்கள் பெருகி இரையும், சுவரிலிருந்து விலக்குங்கள். திறந்தவெளி மேடையில் அந்த உதவியே இல்லாததால், அங்கே பின்சுவர் இருந்தால் அதை ஒட்டி வைப்பது பயன் தரும்.

ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை இணைக்கலாமா?

அம்பிளிபயரின் பின்பக்கத்தில் உள்ள குறைந்தபட்ச ஓம் அளவைப் பொறுத்தது. 8 ஓம் பெட்டிகள் இரண்டு சமாந்தரமாகச் சேர்ந்தால் 4 ஓம். 4 ஓம் பெட்டிகள் இரண்டு சேர்ந்தால் 2 ஓம். பெரும்பாலான திரான்சிற்றர் பவர் பகுதிகள் 4 ஓமுக்குக் கீழே போவதை அனுமதிப்பதில்லை. ஸ்பீக்கரே இல்லாமல் இயக்குவது முழு வால்வு அம்பிளிபயரின் வெளியீட்டு மின்மாற்றியை அழித்துவிடும். இந்த வகையில் அந்த ஆபத்து இல்லை.

கிற்றார் கேபிளை ஸ்பீக்கருக்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் நடுவயர் மெல்லியது, சூடேறும். மேலும் டி வகுப்புப் பவர் பகுதிகள் பலவற்றில் வெளியீட்டின் இரு முனைகளிலும் சைகை இருக்கும். அவற்றில் எதுவும் புவியைத் தொடக்கூடாது. 1.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத வயரும், திருப்பிப் பூட்டும் ஸ்பீக்கன் முனையும் போதும்.

எத்தனை வாற் வேண்டும்?

வீட்டுப் பயிற்சிக்கு 30, சிறு மண்டபத்துக்கு 200, ட்ரம்ஸுடன் பெரிய மேடைக்கு 300 முதல் 500. வாற் இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும் என்பதால், பணம் குறைவாக இருந்தால் அதை நல்ல ஸ்பீக்கர் பெட்டிக்குச் செலவிடுங்கள்.

ஒலியமைப்பாளரின் மிக்சருக்கு எப்படிக் கொடுப்பது?

மிக்சருக்கு நேராகச் சைகை அனுப்புவதற்கென டிஐ என்று குறிக்கப்பட்ட, மூன்று முள் எக்ஸ்எல்ஆர் வெளியீட்டிலிருந்து கொடுங்கள். ஸ்பீக்கர் வெளியீட்டை மிக்சரில் ஒருபோதும் செருக வேண்டாம். தொனிக் குமிழ்களுக்கு முன், பின் என்று ஒரு பொத்தான் இருந்தால் ‘முன்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். மேடையில் உங்களுக்காகச் செய்யும் மாற்றம் சனத்தின் காதைக் குழப்பாது. வால்வு அந்தப் பொத்தானுக்கு முன்னால் உள்ளதா என்பதைக் கேட்டுப் பார்த்து அறியுங்கள். சில கருவிகளில் ‘முன்’ என்பது வால்வையும் தவிர்த்துவிடும். அப்படியானால் ‘பின்’ நிலையே உங்களுக்குரியது. குழாய் ஒலிபெருக்கிக்குச் செல்வது வால்வின் சைகையாக இருக்க வேண்டும் அல்லவா?

இணைத்ததும் இரைச்சல் எழுந்தால் டிஐ அருகிலுள்ள ‘கிரவுண்ட் லிஃப்ட்’ பொத்தானை அழுத்துங்கள். அது சைகைக் கேபிளின் உறையை மட்டுமே பிரிக்கிறது. மின்சாரப் புவி வயர் அப்படியே இருக்கும். இரைச்சலை நீக்கப் பாதுகாப்பான வழி இதுவே.

மின்பிறப்பாக்கியில் இயக்கினால் வால்வு பழுதாகுமா?

வால்வு எளிதில் பழுதாகாது. அதன் இழைக்குப் பொதுவாகப் பத்து வீதம் கூடியோ குறைந்தோ வரும் மின்சாரம் பொறுக்கத்தக்கது. பாதிக்கப்படுவது பெரும்பாலும் பவர் பகுதியே. மேடை விளக்குகள் ஒரேயடியாக அணையும்போது சிறிய மின்பிறப்பாக்கியின் வோல்ற்றளவு துள்ளும். விளக்குகளுக்கு வேறு இணைப்பைக் கேளுங்கள். மின்பிறப்பாக்கி சீராக ஓடத் தொடங்கிய பின்னரே அம்பிளிபயரைப் போடுங்கள். அதை நிறுத்துவதற்கு முன் அம்பிளிபயரை நிறுத்திவிடுங்கள். ஊர் மின்சாரத்திலும் தோட்டக் கிணறுகளின் மோட்டர்கள் தொடங்கும்போது வோல்ற்றளவு தாழ்வதுண்டு. நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று அதற்குப் போதும்.

2022 இல் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில் பலர் பற்றரி இன்வேற்றர்களை வாங்கினார்கள். அவற்றுள் தூய சைன் அலை தராதவை அம்பிளிபயரில் கடுமையான இரைச்சலை எழுப்பும், மின்மாற்றியையும் சூடாக்கும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி கேட்டவுடன் சுவிச்சை நிறுத்துவது போதாது. பிளக்கையே கழற்றி வையுங்கள்.

வால்வை எப்போது மாற்ற வேண்டும்?

பிரீஅம்ப் வால்வு பல ஆயிரம் மணி நேரம் உழைக்கும்; ஆண்டுதோறும் மாற்றச் சொல்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம். ஒலி மெலிவது, இடையிடையே பொரிவது, மேல்மூடியைத் தட்டினால் ஸ்பீக்கரில் மணியோசை போலக் கேட்பது ஆகியவை மாற்ற வேண்டியதற்கான அடையாளங்கள். கண்ணாடியின் உச்சியிலுள்ள வெள்ளிப் பூச்சு வெண்மையாக மாறியிருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. அந்த வால்வு முடிந்தது.

புதியவை ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் செய்யப்படுகின்றன. சிறியவை என்பதால் வெளிநாட்டு உறவினரிடம் ஒரு சோடி சொல்லி வைப்பது எளிது. பவர் வால்வுகளுக்குச் செய்வது போன்ற பயஸ் சரிப்படுத்தல் (சைகை இல்லாதபோது வால்வில் ஓடும் மின்னோட்டத்தை அளவாக வைத்தல்) இவற்றுக்குத் தேவையில்லை. கெயின் குமிழைச் சற்றுத் திருப்பியதுமே கரகரப்பு வருகிறது என்பவர், பெருக்கக் காரணி 70 உடைய 5751 ஐ அதே இடத்தில் பொருத்திப் பார்க்கலாம்.

வால்வுக்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய மூடி இருந்தால் மட்டுமே நீங்களாக மாற்றுங்கள்: பிளக்கைக் கழற்றி, அரை மணி நேரம் ஆறவிட்டு, நேராக மேலே இழுத்து, ஒன்பது முட்களுக்கிடையே உள்ள இடைவெளியைப் பார்த்துப் புதியதைச் செருகுங்கள். பெட்டியையே திறக்க வேண்டியிருந்தால் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிளக் கழன்ற பின்னரும் உள்ளேயுள்ள கொள்ளளவிகளில் நூற்றுக்கணக்கான வோல்ற் தங்கியிருக்கக்கூடும்.

கடற்கரையை அண்டிய வீட்டில் எப்படிப் பராமரிப்பது?

குருநகர், பாசையூர், ஊர்காவற்றுறை போன்ற இடங்களில் உப்புக்காற்று முதலில் தாக்குவது உள்ளீட்டுத் துளைகளையும் குமிழ்களையும் வால்வின் முட்களையும்தான். மின் தொடுப்புகளுக்கென விற்கப்படும் துப்புரவுத் தெளிப்பானை ஆண்டுக்கு இருமுறை பயன்படுத்துங்கள். தேங்காய் எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ வேண்டாம். வலிகாமத்தில் இருப்பவர்களுக்குச் செம்மண் புழுதிதான் பகை. விசிறியின் வலையை மென்மையான தூரிகையால் துடைத்தால் போதும். வாரம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் இயக்குங்கள். அந்தச் சூடே உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேற்றிவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் உறையை உடனே மூடாமல், கண்ணாடி ஆறிய பின் மூடி வண்டியில் ஏற்றுங்கள்.